தடுப்பூசி நாளும் அடுத்த இரண்டு நாட்களும்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கைக்குழந்தைகளின் தடுப்பூசி தொடர்பாக வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். குழந்தைநல மருத்துவர் பதில் அளிக்கிறார். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊர்ப் பெயரை மட்டும் தந்துள்ளோம்.

என் குழந்தைக்கு வரும் புதன்கிழமை ஒன்றரை மாத ஊசி. ஒரே நாளில் மூன்று ஊசியும் இரண்டு சொட்டு மருந்தும் கொடுப்பார்கள் என்று கிராம சுகாதார செவிலியர் சொல்கிறார். நான்கு கிலோ எடையுள்ள குழந்தை இத்தனையைத் தாங்குமா? வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்துப் போட்டால் என்ன என்று என் மாமியார் கேட்கிறார்.
வாசகி, திண்டுக்கல்

தாங்கும். பிறந்து 6 வாரம் நிறைந்ததும், இடது தொடையில் பென்டாவேலன்ட், வலது தொடையில் நிமோனியாவைத் தடுக்கும் நியுமோகாக்கல் ஊசி, வலது மேற்கையில் தோலுக்குள்ளாகப் போடப்படும் சிறிய போலியோ ஊசி ஆகிய மூன்றோடு, போலியோ சொட்டு மருந்தும், கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் அரசுத் திட்டத்தின்படி தரப்படுகின்றன. கேட்பதற்கு இது நீண்ட பட்டியலாகத் தெரிந்தாலும், பிறந்த நேரத்திலிருந்தே குழந்தையின் தோலும் மூக்கும் குடலும் எண்ணற்ற கிருமிகளைச் சந்தித்து அவற்றுக்கு எதிர்ப்பாற்றலை உருவாக்கிக்கொண்டுதான் இருக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த அன்றாட வேலையோடு ஒப்பிட்டால், தடுப்பூசிகள் அனைத்தும் சேர்ந்து கொடுக்கும் வேலை மிகச் சிறியது.

பிரித்துப் போடுவதால் குழந்தைக்கு எந்த நன்மையும் இல்லை; ஊசியின் எண்ணிக்கையும் குறையாது. ஒரு நாள் அழுகை மூன்று நாள் அழுகையாகும், ஒரு முறை வரும் காய்ச்சல் மூன்று வாரங்களுக்குப் பரவும், அதற்கிடையில் குழந்தை சில நோய்களுக்குப் பாதுகாப்பின்றி இருக்கும். அந்த இடைவெளியைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். பென்டாவேலன்ட் ஊசி தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, பி வகைக் கல்லீரல் அழற்சி, ஹிப் கிருமியால் வரும் நிமோனியா மற்றும் மூளை உறை அழற்சி ஆகிய ஐந்துக்கும் உரியது. இவற்றில் கக்குவான் மிகச் சிறிய குழந்தைகளையே மோசமாகத் தாக்கும். பெரிய குழந்தைகளுக்கு வருவது போல இழுத்து இழுத்து இருமாமலே, கைக்குழந்தைக்கு மூச்சு திடீரென்று நின்றுவிடக்கூடும். வீட்டில் பெரியவர் ஒருவருக்குப் பல வாரங்களாக நீடிக்கும் இருமல்கூட அந்தக் கிருமியால் வந்ததாக இருக்கலாம். ஆறாவது வாரத்திலேயே தொடங்குவதற்கு இதுவே முக்கியக் காரணம்: அதற்கு முன் போட்டால் குழந்தையின் உடல் போதிய எதிர்ப்பாற்றலை உருவாக்காது, தள்ளிப்போட்டால் ஆபத்தான மாதங்கள் பாதுகாப்பின்றிக் கழியும். அடுத்த தவணைகளை 10ஆவது வாரத்திலும் 14ஆவது வாரத்திலும் வைத்திருப்பதும், ஒவ்வொரு தவணைக்கும் இடையே குறைந்தது நான்கு வாரம் இருந்தால்தான் முந்தைய ஊசி தூண்டிய எதிர்ப்பாற்றலை அடுத்தது சரியாக வளர்க்கும் என்பதால்தான்.

ஊசியைப் புட்டத்தில் போடாமல் ஏன் தொடையில் போடுகிறார்கள் என்று மாமியார் அடுத்துக் கேட்கக்கூடும். கைக்குழந்தையின் புட்டத்தில் தசை குறைவு, கொழுப்பு அதிகம். காலுக்குச் செல்லும் பெரிய நரம்பும் அங்கேதான் ஓடுகிறது. தொடையின் முன்பக்க வெளிப்புறத்தில் நல்ல தசை இருக்கிறது, முக்கிய நரம்பு எதுவும் இல்லை.

பேரனுக்கு முதல் ஊசி போட்ட அன்று இரவு நல்ல காய்ச்சல். அடுத்த முறை ஊசிக்கு முன்பே காய்ச்சல் மருந்து கொடுத்துவிட்டால் என்ன? தொடையில் வீக்கமும் இருந்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து மஞ்சள் பற்றுப் போட்டேன். என் மகள் அது தவறு என்கிறாள்.
வாசகி, கும்பகோணம்

மகள் சொல்வது சரி, அம்மா. ஆனால் அவர்களும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் சில உண்டு.

பென்டாவேலன்ட் ஊசிக்குப் பிறகு வரும் காய்ச்சல் பெரும்பாலும் அன்று மாலையோ இரவோ தொடங்கி இரண்டு நாட்களுக்குள் தணிந்துவிடும். அந்த ஊசியில் கக்குவான் கிருமியைக் கொன்று முழுதாகச் சேர்த்திருப்பதுதான் முக்கியக் காரணம். உடல் அதை எதிர்த்து வேலை செய்யும்போது சூடு ஏறுகிறது. காய்ச்சல் வராவிட்டால் ஊசி வேலை செய்யவில்லை என்று பொருள் அல்ல. பல குழந்தைகளுக்குக் காய்ச்சலே வருவதில்லை.

ஊசிக்கு முன்பே பாராசிட்டமால் கொடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. செக் குடியரசில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில், தடுப்பூசியோடு சேர்த்து முன்னெச்சரிக்கையாகப் பாராசிட்டமால் பெற்ற குழந்தைகளுக்குக் காய்ச்சல் குறைந்தது. ஆனால் சில தடுப்பூசிகளுக்கு உருவான எதிர்ப்புப் பொருளின் அளவும் சற்றுக் குறைந்திருந்தது. ஆகவே காய்ச்சல் வந்து, குழந்தை சிணுங்கிப் பால் குடிக்கச் சிரமப்படும்போது கொடுத்தால் போதும்.

கொடுக்கும் அளவில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. ஒரு வேளைக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. வேளைகளுக்கு இடையே குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேரம் இருக்க வேண்டும், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. நான்கு கிலோ குழந்தைக்கு 50 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருப்பதால் அதில் அரை மில்லி போதும். ஐந்து மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் ஏறத்தாழ இரண்டு மில்லி வேண்டும். ஐந்து மில்லிக்கு 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் ஒரு மில்லி போதும். மூன்றும் ஒரே நிறத்தில், ஒரே பெயரில், பக்கத்துப் பக்கத்து அட்டைப் பெட்டிகளில் இருக்கும். ‘போன தடவை இரண்டு மில்லி கொடுத்தோமே’ என்ற நினைவில் சொட்டு மருந்தை இரண்டு மில்லி கொடுத்தால் தேவையைப் போல நான்கு மடங்கு உள்ளே போய்விடும். ஆகவே ஊசி போடும் அன்றே, உங்கள் வீட்டுப் புட்டியைக் காட்டி எத்தனை மில்லி என்று செவிலியரிடமோ மருத்துவரிடமோ அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கான மாத்திரையை உடைத்துக் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. உடைந்த துண்டுகள் ஒருபோதும் ஒரே அளவாக வருவதில்லை. ஆஸ்பிரின் கலந்த மருந்து எதுவும் குழந்தைக்குக் கூடாது.

வீக்கத்துக்குச் சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, சில நிமிடங்கள் வைத்து எடுங்கள். வெந்நீர், பனிக்கட்டி, மஞ்சள் பற்று, எண்ணெய் தேய்த்து உருவுதல் ஆகிய எதுவும் வேண்டாம். ஊசி துளைத்த இடம் ஒரு சிறு புண்ணே; அதில் பூசும் எந்தப் பொருளும் கிருமியை உள்ளே கொண்டுசெல்லலாம். தொடையில் பட்டாணி அளவில் ஒரு கட்டி சில வாரங்கள் வலியின்றி இருந்து தானாகக் கரையும், அதைத் தொட வேண்டியதில்லை. அது சிவந்து, பெரிதாகி, தொட்டால் குழந்தை வீறிட்டால் மட்டும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காய்ச்சலடிக்கும் குழந்தையைக் கம்பளியில் சுற்றிக் காதையும் கட்டிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற விடாது. மெல்லிய பருத்திச் சட்டை போதும். தாய்ப்பாலை வழக்கத்தைவிட அடிக்கடி கொடுக்க வேண்டும். ஆறு மாதம் வரை தண்ணீரோ, கிரைப் வாட்டரோ, உரைமருந்தோ தேவையில்லை. ஒரு வயது நிறையும் முன் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி வித்து கைக்குழந்தையின் குடலில் முளைத்து உடல் முழுவதையும் தளர்த்திவிடும் நஞ்சை உண்டாக்கும்.

ஊசி போட்டவுடன் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கச் சொல்வது சடங்குக்காக அல்ல. மிக அரிதாகக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டால் அது பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் வெளிப்படும், அதைச் சமாளிக்கும் மருந்தும் அங்கேதான் இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாத அழுகை, உடல் துவண்டு வெளிறிப்போதல், வலிப்பு, மூச்சுத் திணறல், உடல் முழுவதும் தடிப்பு, பால் குடிக்க மறுத்தல், 102 டிகிரியைத் தாண்டும் காய்ச்சல் அல்லது இரண்டு நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 108 ஆம்புலன்ஸை அழைக்கத் தயங்க வேண்டாம். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ஊசி போட்டு இரண்டு நாள் கழிந்த பின் புதிதாகக் காய்ச்சல் தொடங்கினால், அதை ஊசியின் கணக்கில் எழுதிவிட்டு வீட்டிலேயே காத்திருக்கக் கூடாது.

ஊசிக்குப் போன அன்று குழந்தைக்குச் சளி. செவிலியர் பரவாயில்லை என்றார். நாங்கள்தான் பயந்து திரும்பிவிட்டோம். எப்போது போகலாம்?
வாசகர், நாமக்கல்

அடுத்த தடுப்பூசி நாளிலேயே போய்விடுங்கள், சளி தீரும் வரை காத்திருக்க வேண்டாம். மூக்கு ஒழுகுதல், லேசான இருமல், லேசான காய்ச்சல், இரண்டொரு முறை தளர்ந்து போகும் மலம், ஆன்டிபயாடிக் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருத்தல் ஆகிய எதுவும் தடுப்பூசியைத் தள்ளிவைக்கக் காரணம் அல்ல. கடும் காய்ச்சலோடு குழந்தை சோர்ந்து கிடந்தால் மட்டும் சில நாள் தள்ளலாம். முந்தைய தவணைக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தாலோ, கக்குவான் ஊசி போட்ட ஏழு நாட்களுக்குள் நினைவு மங்கியிருந்தாலோ, குழந்தைக்கு எதிர்ப்பாற்றல் குறைபாடு இருந்தாலோ, குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் நுழைந்துகொள்ளும் குடல் செருகல் நோய் முன்பு வந்திருந்தாலோ மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். எந்தத் தடுப்பூசியைத் தவிர்ப்பது என்பதை அவர் முடிவு செய்வார். சளியோடு வரும் குழந்தையைத் திருப்பி அனுப்பாத செவிலியர் கவனக்குறைவாக நடந்துகொள்ளவில்லை, விதிப்படிதான் நடந்துகொண்டிருக்கிறார்.

பிறந்தபோது இடது கையில் போட்ட ஊசி இப்போது கொப்புளமாகிச் சீழ் வைத்திருக்கிறது. குழந்தைக்கு ஒன்றரை மாதம் ஆகிறது. என் அக்காவின் குழந்தைக்கோ தழும்பே விழவில்லை. யாருக்குப் பிரச்சினை?
வாசகி, இராமநாதபுரம்

இருவருக்கும் இல்லை. அது காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி. போட்ட இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகு சிறு பருவாகத் தொடங்கி, ஐந்தாறு வாரத்தில் கொப்புளமாகி, உடைந்து, மெல்ல ஆறித் தழும்பாவது அதன் இயல்பான போக்கு. அழுத்திச் சீழ் எடுக்க வேண்டாம். களிம்போ பவுடரோ பூச வேண்டாம். கட்டுப் போடவும் வேண்டாம். குளிப்பாட்டியபின் மெல்ல ஒற்றித் துடைத்துத் திறந்தபடி விட்டால் போதும். அந்தப் பக்கத்து அக்குளில் நெறி கட்டிப் பெரிதாகிக்கொண்டே போனால் காட்டுங்கள்.

தழும்பு விழாத குழந்தைக்கு மறுபடி ஊசி தேவையில்லை. ஊசி போட்டதற்கான பதிவு இருந்தால் அதுவே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இந்த ஊசியின் வரம்பையும் சொல்லிவிட வேண்டும்: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இது தடுப்பதில்லை என்பதை, நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய மிகப் பெரிய ஆய்வே காட்டியது. ஆனால் கைக்குழந்தைகளின் மூளையையும் உடல் முழுவதையும் தாக்கும் கொடிய காசநோயிலிருந்து இது காப்பாற்றுகிறது. பிறந்தவுடன் போடுவது அதற்காகத்தான்.

சிவகங்கையில் தாய்வீட்டில் பிரசவம். பிறந்தபோதும் ஒன்றரை மாதத்திலும் ஊசி போட்டோம். பிறகு திருப்பூருக்கு வந்துவிட்டோம்; விட்டுப்போய்விட்டது. இப்போது குழந்தைக்கு ஆறு மாதம். முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? சிவகங்கைக்குத்தான் போக வேண்டுமா?
வாசகி, திருப்பூர்

இரண்டும் வேண்டாம். போட்ட ஊசி போட்டதுதான். இடைவெளி எவ்வளவு நீண்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். நாளையே அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் பென்டாவேலன்டும் சொட்டு மருந்துகளும் இரண்டாம் தவணையாகக் கிடைக்கும். வேறு எந்த ஊசிக்கெல்லாம் இடைவெளி நிறைந்திருக்கிறதோ அவற்றையும் அன்றே போடுவார்கள், மற்றவற்றை நான்கு வாரம் கழித்துப் போடுவார்கள். உங்கள் குழந்தைக்கு ஆறு மாதமே ஆகியிருப்பதால் எதையும் இழக்கவில்லை. ஆனால் ரோட்டா வைரஸ் மருந்தையும் பென்டாவேலன்டையும் ஒரு வயதுக்குள் தொடங்கினால்தான் அரசுத் திட்டத்தில் கிடைக்கும் என்பதை, இதைப் படிக்கும் மற்றவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒரு வயது தாண்டிய பின் கொண்டுவந்தால் பென்டாவேலன்டுக்குப் பதிலாக, தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி ஆகிய மூன்றுக்கு மட்டுமான முத்தடுப்பு ஊசியே போடப்படும்.

நம் ஊர்களில் இது அடிக்கடி நடக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குத் திரும்புவது. அந்த இடமாற்றம் சரியாக 10 வாரத் தவணையும் 14 வாரத் தவணையும் வரும் நாட்களில் விழுகிறது. அங்குள்ள செவிலியர் இங்கே போட்டிருப்பார்கள் என்று நினைப்பார், இங்குள்ளவருக்கு இப்படி ஒரு குழந்தை வந்திருப்பதே தெரியாது. தமிழ்நாட்டில் எந்த அரசு நிலையத்திலும் எந்த மாவட்டத்துக் குழந்தைக்கும் கட்டணமின்றி ஊசி போடப்படும். தாய்-சேய் நல அட்டையும் கர்ப்ப காலத்தில் தந்த பதிவு எண்ணும் இருந்தால் போதும். ஊர் மாறும்போது அந்த அட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வராதீர்கள். அதைப் பத்திரமாக லேமினேட் செய்துகொண்டு வருபவர்களும் உண்டு. அடுத்த தவணைத் தேதியைச் செவிலியர் எங்கே எழுதுவார்? கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் அதைவிடப் பாதுகாப்பு.

ஒன்பதாம் மாத ஊசி போட்ட பத்து நாளில் என் மகனுக்குக் காய்ச்சலும் உடம்பெங்கும் பொரியும் வந்தது. வீட்டில் அம்மை என்று வேப்பிலை கட்டி, மருந்தும் கொடுக்கவிடவில்லை. ஊசியால் அம்மை வந்துவிட்டதா? அடுத்த மகளுக்கு இந்த ஊசியைப் போடலாமா? மொட்டையும் காதுகுத்தும் அதே மாதத்தில் வைத்திருக்கிறோம்.
வாசகர், விழுப்புரம்

அது தட்டம்மை அல்ல. ஒன்பது மாதம் நிறைந்ததும் வலது மேற்கையில் போடப்படுவது தட்டம்மை-ரூபெல்லா ஊசி. அதில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் என்பதால், மற்ற ஊசிகளைப் போல அன்றிரவே அல்லாமல், அது உடலில் பெருகும் 7ஆவது நாளிலிருந்து 12ஆவது நாளுக்குள் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் லேசான சிவந்த பொரியும் வரும். இரண்டு மூன்று நாளில் மறைந்துவிடும், அடுத்தவருக்குத் தொற்றாது. இந்தத் தாமதத்தால்தான் பலர் ஊசியையும் காய்ச்சலையும் தொடர்புபடுத்துவதே இல்லை, தொடர்புபடுத்துபவர்களோ அம்மையே வந்துவிட்டதாக அஞ்சுகிறார்கள். வேப்பிலை தலைமாட்டில் இருப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. காய்ச்சல் மருந்தையும் பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்துவதில்தான் ஆட்சேபம். உண்மையான தட்டம்மைக்கே கூட நீரும் உணவும் மருத்துவரும் அவசியம். நிமோனியாவும் வயிற்றுப்போக்குமே அதில் உயிரைப் பறிப்பவை.

மகளுக்குக் கட்டாயம் போடுங்கள். ஒன்பது மாதம் வரை காத்திருப்பதற்குக் காரணம், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் அதுவரை குழந்தையின் இரத்தத்தில் நின்று ஊசியின் வைரஸையே அழித்துவிடக்கூடும் என்பதுதான். ஒன்பதாம் மாதத்தில் போட்டால் ஏறத்தாழ 85 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கே தட்டம்மைக்கு எதிரான பாதுகாப்பு உருவாகும். எஞ்சியவர்களுக்காகவே 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணை இருக்கிறது. குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டதும் பலர் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஒன்பதாம் மாதத்தில் நியுமோகாக்கல் ஊக்க ஊசியும், 2023 முதல் மூன்றாம் போலியோ ஊசியும், வைட்டமின் ஏ திரவத்தின் முதல் வேளையும் உண்டு. விழுப்புரம், கடலூர் போன்ற மாவட்டங்களில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஊசியும் சேரும். நெல்வயல் நீரில் பெருகும் கொசு அந்த நோயைப் பரப்புவதால், உங்கள் பகுதியில் அதைத் தவறவிடக் கூடாது.

மொட்டைக்கும் காதுகுத்துக்கும் ஊசிக்கும் மருத்துவ ரீதியாகப் பகை எதுவும் இல்லை. விழாவுக்காக ஊசியைத் தள்ளாதீர்கள். ஊசி போட்ட இரண்டாம் வாரத்தில் காய்ச்சல் வரக்கூடும் என்பதால், குலதெய்வக் கோயில் பயணத்தை அந்த வாரத்துக்கு வைக்காமல், ஊசி போட்ட மூன்று வாரம் கழித்து நாள் பாருங்கள்.

தனியார் மருத்துவமனையில் ‘வலியில்லாத ஊசி’ என்று பல ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். அரசு ஊசி தரம் குறைந்ததா?
வாசகர், அம்பத்தூர்

இல்லை. அரசு நிலையத்து ஊசியில் கக்குவான் கிருமி முழுதாக இருக்கிறது; தனியாரில் ‘வலியில்லாதது’ என்று விற்கப்படுவதில் அந்தக் கிருமியின் சுத்திகரிக்கப்பட்ட சில பகுதிகள் மட்டுமே உள்ளன. அதனால் காய்ச்சலும் வீக்கமும் குறையும். ஆனால் பாதுகாப்பு சற்று விரைவாக மங்குகிறது என்பதும் பல நாடுகளின் அனுபவம். ஊசி குத்தும் வலி இரண்டிலும் ஒன்றுதான். அந்தப் பெயரே எனக்கு உவப்பில்லை. அரசு ஊசி போடும் ஏழைத் தாயை அது காரணமின்றிக் குற்ற உணர்வுக்கு உள்ளாக்குகிறது. போலியோ ஊசியையும் சேர்த்து ஆறு நோய்க்கு ஒரே குத்து என்பது தனியாரில் உள்ள வசதி. பணம் இருந்தால் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை.

பென்டாவேலன்டை இந்தியாவில் முதலில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும்தான். அது 2011 டிசம்பரில் நடந்தது. ஒரு காலத்தில் தனியாரில் மட்டும் கிடைத்த நியுமோகாக்கல் ஊசியும் இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆகவே அரசு அட்டவணையை முழுமையாக முடிப்பது முதல் வேலை. அதற்கு மேல் செலவிட முடிந்தால், நம் ஊர்த் தண்ணீரை நினைத்து ஆறு மாதத்துக்குப் பின் டைபாய்டு ஊசியை நான் முதலில் சொல்வேன். பிறகு இன்ஃபுளுயன்சா, பொன்னுக்குவீங்கியையும் சேர்த்துத் தடுக்கும் எம்.எம்.ஆர்., ஒரு வயதுக்குப் பின் சின்னம்மை மற்றும் ஏ வகைக் கல்லீரல் அழற்சிக்கான ஊசிகள் வரும். சிலவற்றை அரசு நிலையத்திலும் சிலவற்றைத் தனியாரிலும் போட்டுக்கொள்ளலாம். எல்லாம் ஒரே அட்டையில் பதிவாக வேண்டும்.

எட்டாம் மாதத்தில் பிறந்த இரட்டையர். பிறந்தபோது ஒன்றரை கிலோ. ஊசிக்கான வயதைப் பிறந்த தேதியிலிருந்து கணக்கிடுவதா, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்தா?
வாசகி, வேலூர்

பிறந்த தேதியிலிருந்துதான். குறைமாதக் குழந்தைகளுக்கே கக்குவானும் நிமோனியாவும் கூடுதல் ஆபத்து என்பதால் அவர்களைக் காத்திருக்க வைப்பதில் பொருளில்லை. ஊசியின் அளவையும் பாதியாகக் குறைப்பதில்லை. பிறந்தவுடன் போட வேண்டிய பி.சி.ஜி.யை மட்டும், குழந்தை தேறி வீட்டுக்கு அனுப்பப்படும் வேளையில் போடுவது வழக்கம்; அதையும் பி வகைக் கல்லீரல் அழற்சிக்கான முதல் ஊசியையும் எப்போது போடுவது என்பதை, எடையையும் தாயின் பரிசோதனை முடிவையும் பார்த்து அங்குள்ள மருத்துவர் சொல்வார். தாய்க்குப் பி வகைக் கல்லீரல் அழற்சி வைரஸ் இருந்தால், எடை எவ்வளவாக இருந்தாலும் அதற்கான ஊசியை 24 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மிகவும் குறைந்த எடையோடு பிறந்து நீண்ட நாள் மருத்துவமனையில் இருக்கும் குழந்தைக்கு ஆறாவது வார ஊசியை அங்கேயே போட்டு, இரண்டு நாள் மூச்சைக் கவனிப்பது நல்லது.

மின்வெட்டு அதிகமுள்ள எங்கள் ஊரில் தடுப்பூசி மருந்து கெட்டுப்போயிருந்தால் எப்படித் தெரியும்?
வாசகர், திருவண்ணாமலை

நல்ல கேள்வி, பலர் கேட்கத் தயங்கும் கேள்வியும்கூட. மருந்துகள் 2 முதல் 8 டிகிரி செல்சியசில் இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உள்ள குளிர்ப்பெட்டியின் சுவரில் பனிக்கட்டிப் படலம் இருப்பதால் மின்சாரம் போனாலும் பல மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கும் மேலாகக் குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதனுள் ஒரு சிறு சதுரமும் அச்சிடப்பட்டிருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து பயன்படுத்தத் தக்கது. சதுரம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அது வெப்பத்தில் கெட்டது, தூக்கி எறிய வேண்டியது. வெப்பத்தை மட்டுமே இந்தக் குறி காட்டும். பென்டாவேலன்ட் போன்றவை உறைந்தாலும் கெடும் என்பதால் அவற்றை வீட்டு ஃபிரிட்ஜின் பனி அறையில் வைத்து எடுத்துச் செல்லக் கூடாது. குப்பியைக் காட்டுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள், செவிலியர் காட்டுவார்.

ஊசி போட்ட அன்று குளிப்பாட்டலாமா?
வாசகி, தென்காசி

குழந்தை நன்றாக இருந்தால் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டலாம். ஊசி போட்ட காலை மட்டும் தேய்த்து உருவ வேண்டாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை அன்றைக்கு மட்டுமல்ல, எல்லா நாளுமே தவிர்த்துவிடுங்கள்.

எல்லாத் தவணையும் முடிந்துவிட்டது. போலியோ முகாமில் மறுபடியும் சொட்டு மருந்து கொடுக்க வேண்டுமா? இந்தியாவில் போலியோவே இல்லையே?
வாசகர், மன்னார்குடி

கொடுக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் சொட்டு மருந்து கொடுத்து, ஊரில் வைரஸ் தங்க இடமில்லாமல் செய்யும் முறையை, 1980களில் வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் டி. ஜேக்கப் ஜான் முன்னெடுத்தார். 1995இல் அது நாடு தழுவிய இயக்கமாயிற்று. இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் கடைசியாக நோய் கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. ஆனால் நம் அண்டை நாடுகளில் வைரஸ் இன்னும் இருக்கிறது. பயணிகளோடு அது வரக்கூடும். முகாமில் கொடுப்பது வழக்கமான தவணைக்கு மேலானது, அதற்கு மாற்று அல்ல. எத்தனை முறை கொடுத்தாலும் தீங்கு இல்லை. அன்று அட்டையில் எழுதமாட்டார்கள். இடது கைச் சுண்டுவிரலில் மை வைத்துவிடுவார்கள்.